கை படாத சோதனை

ஓசூர் சிப்காட்டில் இயந்திரங்களுக்கான பித்தளை வளையங்கள், அதாவது புஷ், செய்யும் தொழிற்சாலை ஒன்று. ஷிஃப்ட் முடிந்து வெளியே போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். செக்யூரிட்டி கையால் தோள், இடுப்பு, தொடை என்று தடவிப் பார்த்துவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார். இந்தக் கேட்டில் மட்டும் ஒன்பது வருஷமாக வேறு முறை நடந்தது. செக்யூரிட்டி சூப்பர்வைசர் முனிராஜ் இரண்டடி தள்ளி நிற்பார். வருகிறவர் தன் பாக்கெட்டைத் தானே வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். தன் இடுப்பைத் தானே தட்ட வேண்டும், பிறகு தொடை, பிறகு குனிந்து கணுக்கால். கடைசியில் ஷூவைக் கழற்றி உதற வேண்டும். பித்தளை உள்ளே இருந்தால் தட்டும்போது சத்தம் மாறும் என்பது முனிராஜின் கட்சி. அந்தச் சத்தத்தை வைத்தே பதினாறு பேரைப் பிடித்திருக்கிறார், ஒருவர் மேலும் விரல் படாமல்.

தொழிலாளர்கள் இதற்கு 'முனிராஜ் டான்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜை அன்று ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு நாலு பேர் வரிசையாக நின்று அதே மாதிரி தட்டி ஆடியும் காட்டினார்கள். முனிராஜ் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கேட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அவர் ஏன் யாரையும் தொடுவதில்லை என்பதற்கு அங்கே ஒரு விளக்கம் இருந்தது. முனிராஜ் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமத்துக் காலனிக்காரர். தொழிற்சாலையில் பாதிப் பேர் தளி, ஜவளகிரி பக்கத்து நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் மேல் கை வைக்கக் கூசுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "மரியாத தெரிஞ்ச மனுஷன்பா" என்று அவர் காதுபடவே பாராட்டியவர்களும் உண்டு. இப்படி ஒரு பாராட்டு வாங்குவதற்கு ஒரு மனிதர் என்ன பாவம் செய்திருக்க வேண்டுமோ தெரியவில்லை. முனிராஜ் அதையும் மென்று விழுங்கினார், ஏனென்றால் நிஜக் காரணத்தைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

நிஜக் காரணம் இருபத்துநாலு வருஷம் பழையது. முனிராஜ் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். ஆள் எடுத்த அன்று ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். மூன்றாம் வருஷம் வடக்கே ஒரு மலை முகாமில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் வாலிபால் மேட்ச் பார்க்கப் போயிருந்த நேரம், கம்பளிகளை எண்ண வேண்டும் என்று ஸ்டோருக்குக் கூப்பிட்டார் அவருக்கு மேலே இருந்த ஹவில்தார். கதவைத் தாழ் போட்டார். வெளியே மைதானத்தில் விசில் ஊதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலு மாதத்தில் மூன்று முறை இப்படி நடந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு முனிராஜ் ஒரு மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. சொன்னதற்கு அடுத்த வாரமே அந்த ஹவில்தாருக்கு அவரையே உதவிக்குப் போட்டார்கள் என்பதை 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதிக் கொடுத்து ஏழாம் வருஷம் ஊருக்கு வந்துவிட்டார். பென்ஷனுக்கான பதினைந்து வருஷத்தை முடிக்காமல் எவனாவது பட்டாளத்தை விட்டு வருவானா என்று ஊர் கேட்டது. பயந்து ஓடி வந்தவன் என்றார்கள் சிலர், எதையோ திருடி மாட்டினவன் என்றார்கள் சிலர். அப்பா மட்டும் நல்ல திடமாக, ஏர் ஓட்டிக்கொண்டு, இன்னும் பத்து வருஷம் இருந்தார். அதுவும் முனிராஜுக்கு எதிரான சாட்சியாகத்தான் போயிற்று.

பிறகு கல்யாணம். நிர்மலா பாகலூர் பக்கம் ரோஜா பேக்கிங் ஷெட்டில் வேலை பார்ப்பவர். காம்பு நீளம் பார்த்துப் பூக்களைப் பிரித்து அட்டை சுற்றிக் கட்டுகிற வேலை. பின்னால் வந்து தொட்டால் புருஷன் துள்ளி எழுவார், முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டுதான் தூங்குவார், சில நாள் காரணமே இல்லாமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார் என்பதெல்லாம் முதல் வருஷத்திலேயே அவருக்குப் பழகிவிட்டது. மிலிட்டரிக்காரர் என்றால் அப்படித்தான் என்று தன் அம்மா வீட்டில் சொல்லி வைத்திருந்தார். முனிராஜ் அதை மறுக்கவில்லை.

இந்த மாதிரியே ரிட்டயர் ஆகும்வரை போயிருக்கும். போன வருஷம் குருமூர்த்தி என்று ஒரு புது மேனேஜர் வந்தார். வந்த மூன்றாம் வாரம் டூல் ரூமில் லேத்துக்கான வெட்டு முனைகள் ஒரு பெட்டி காணாமல் போயிற்று. குருமூர்த்தி கேட்டுக்கு வந்து 'டான்ஸை'ப் பார்த்தார்.

"என்னங்க இது, நீங்க செக்யூரிட்டியா, டிரில் மாஸ்டரா? கை வச்சு செக் பண்ணுங்க."

"சார், இதுல ஒரு தப்பும் வரல சார். பதினாறு கேஸ் புடிச்சிருக்கேன்."

"ஒரு பெட்டி போயிருக்குதே, அது எந்த டான்ஸ்ல போச்சு?"

கை வைக்கத் தன்னால் முடியாது என்று மட்டும் சொன்னார் முனிராஜ். முடிகிறவரைப் போட்டுக்கொள்கிறேன் என்றார் மேனேஜர். முனிராஜை அனுப்பியிருந்த அதே செக்யூரிட்டி ஏஜென்சியிலிருந்து ராஜப்பன் வந்தான். முப்பது வயது, கைகால் துடியானவன், வாய் அதைவிடத் துடியானது. கேட்டில் கை வைத்துச் சோதிப்பது அவன் வேலை, ரிஜிஸ்டர் பார்ப்பது முனிராஜ் வேலை என்று ஆயிற்று.

ராஜப்பன் வேலையைச் சிரிப்புக் காட்டிக்கொண்டே செய்தான். பத்துப் பேரை ஒழுங்காகச் சோதிப்பான், பதினோராவது ஆளிடம் கை போகக் கூடாத இடத்துக்குப் போகும். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் தங்கள் முறை வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர்கள். அவன் அதிகமாகப் பிடித்துக்கொண்டது சென்னகிருஷ்ணனை. ஜவளகிரிக்காரர், முப்பத்துநாலு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆறடி உயரம், வீட்டில் கன்னடம் பேசுபவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆறடி ஆள் நெளிவதைப் பார்ப்பதில் வரிசைக்குக் கூடுதல் சந்தோஷம். முனிராஜ் ரிஜிஸ்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எட்டு நாள் கவிழ்த்துக்கொண்டார். இதை நான் மறைக்கப் போவதில்லை, அவரும் பிறகு மறைக்கவில்லை.

எட்டாம் நாள் ராஜப்பன் கையை எடுக்காமல் பிடித்து நிறுத்தினான். "இதுதான் காணாமப் போன பெட்டியா?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டான். சென்னகிருஷ்ணன் ஓங்கி ஒரு அறை விட்டார். ராஜப்பனுக்கு உதடு கிழிந்தது. சென்னகிருஷ்ணனை அன்றே சஸ்பெண்டு செய்தார்கள்.

அன்று சாயங்காலம் தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடையில் சென்னகிருஷ்ணன் முனிராஜைப் பிடித்தார்.

"அண்ணா, நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன் கிருஷ்ணா."

"விசாரணையில சொல்லுவீங்களா? நான் சொன்னா சிரிக்கறாங்கண்ணா. யூனியன்லயே சிரிக்கறாங்க. வீட்ல என்னான்னு சொல்றது? பொண்டாட்டிகிட்ட, லேத் சூப்பர்வைசரோட சண்டைன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

முனிராஜ் டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தார். பார்த்ததைச் சொன்னால், எட்டு நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லப் போனால் ஸ்டோர் கதவு வரைக்கும் போக வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் இந்த ஆளுக்கு வேலை போய்விடும். சொல்லுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் நிர்மலா துவைத்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். முனிராஜ் கூடவே நின்று, ஒவ்வொரு துணியாக வாங்கி மடித்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னார். முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கு அந்த வேலை வசதியாக இருந்தது. நிர்மலா ஒரு பாவாடையைப் பாதி எடுத்தபடி அப்படியே நின்றார்.

"பதினெட்டு வருஷங்க. என் மேலதான் ஏதோ கொறைன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உங்களுக்கு என்னைப் புடிக்கலயோன்னு. எங்கம்மா வேற கேட்டுக்கினே இருக்கும்."

"உன் மேல ஒண்ணுமில்ல நிர்மலா."

"இப்ப சொல்றீங்க."

அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை அதற்குப் பின்னால் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தாளு உசுரோட இருக்கானா?" என்று கேட்டார். முனிராஜுக்குத் தெரியவில்லை. "இருந்தா நல்லா பேரன் பேத்தியோட இருப்பான்" என்று நிர்மலாவே சொல்லிக்கொண்டு, மீதித் துணிகளை வெடுக்கென்று இழுத்தார். பிறகு, "அந்த ஜவளகிரிக்காரரு விஷயத்தைப் போய்ச் சொல்லுங்க. நாளைக்கு அவரு பொண்டாட்டியும் என்ன மாதிரி நிக்கும்" என்றார்.

விசாரணை வியாழக்கிழமை. ஏஜென்சி முதலாளி ராமப்பனும் வர வேண்டியிருந்தது. ரிட்டயர்டு சுபேதார், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், இப்போது நூற்றைம்பது முன்னாள் ராணுவத்தினருக்குச் செக்யூரிட்டி வேலை கொடுப்பவர். எல்லோரும் அவரை இன்னும் பட்டாள வழக்கப்படி 'சாப்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவரைச் சானமாவு காட்டுக்கிட்ட யானை கடக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். ஒரு மணி நேரம் எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் முனிராஜ் நின்றுகொண்டே இருந்தார், நாற்காலி காலியாக இருந்தும்.

நிர்வாகப் பிரிவிலிருந்து பொற்கொடி குறிப்பெடுக்க வந்திருந்தார். பாலியல் தொந்தரவு புகார்களை விசாரிக்கிற கமிட்டியிலும் அவர் இருந்தார். சென்னகிருஷ்ணன் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "கமிட்டிக்கு இது வராது சார், சட்டத்துல பெண்கள்னுதான் போட்டிருக்கு" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரித்தது குருமூர்த்தி.

"ஆம்பளைக்கு ஆம்பளை கை பட்டா என்னங்க ஆயிடும்? கேட்டுன்னா கை படத்தான் செய்யும்."

"கை பட்டதைச் சொல்லல சார்" என்றார் முனிராஜ். பார்த்தது அத்தனையும் சொன்னார், நாள் நாளாக, எட்டு நாளும். ஏன் அப்போதே ரிப்போர்ட் கொடுக்கவில்லை என்று குருமூர்த்தி கேட்டார். எதிர்பார்த்த கேள்விதான். முனிராஜ் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"எனக்கே இது நடந்திருக்குது சார். பட்டாளத்துல. என் ஹவில்தார். இதைவிட மோசமா. அதனாலதான் நான் யார் மேலயும் கை வைக்கறதில்ல. அதனாலதான் இவர் நெளிஞ்சப்ப என்னால பாக்க முடியல. தல குனிஞ்சிக்கினேன். அது என் தப்பு, எழுதிக்கங்க."

பொற்கொடியின் பேனா நின்றது. ராமப்பன் மேஜையைத் தட்டினார்.

"முனிராஜ்! கேட் தகராறுல ஆர்மிய எதுக்கு இழுக்கற? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதில்ல."

முடிவு எப்போதும் போல எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சென்னகிருஷ்ணனுக்கு நாலு நாள் சஸ்பென்ஷன், பிறகு வேலை. ராஜப்பனுக்கு வேறு கம்பெனி கேட். கையால் சோதிக்கும் உத்தரவைக் குருமூர்த்தி ஓசைப்படாமல் திரும்ப வாங்கிக்கொண்டார். முனிராஜை மட்டும் வீட்டில் இருக்கச் சொன்னார் ராமப்பன். மன உளைச்சலில் ராணுவத்தைப் பற்றித் தவறாகப் பேசிவிட்டேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுபடி வேலைக்கு வரலாம். எழுதுகிற சிரமம்கூட வைக்காமல் அவரே டைப் அடித்து அனுப்பியிருந்தார்.

அப்படி வீட்டில் இருந்த மூன்று வாரத்தில் நிர்மலா அவரைக் கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். மனநல டாக்டர் சின்ன வயசுக்காரி. முனிராஜ் சொல்லச் சொல்ல ஆச்சரியமே படாமல் கேட்டுக்கொண்டார். தூக்கம் வராதது, திடுக்கிடுவது, காரணமில்லாத கோபம் எல்லாவற்றையும் முனிராஜ் சொல்லுமுன் அந்தப் பெண்ணே வரிசையாகக் கேட்டார். "என்கிட்ட வந்த முதல் மிலிட்டரிக்காரர் நீங்க இல்லீங்க" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் முனிராஜ் அந்த ஒரு வாக்கியத்தையே யோசித்துக்கொண்டு வந்தார். இருபத்துநாலு வருஷமாகத் தான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தார். அப்படி நினைக்க வைத்தவர்கள் மேல் அவருக்கு முதல் முறையாக ஆத்திரம் வந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் டூட்டியில் இல்லாத ஏஜென்சி ஆட்கள் எல்லோரும் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவார்கள். யூனிஃபார்ம் பார்வையிடல், ராமப்பன் பேச்சு, பிறகு பொங்கல் வடை. முனிராஜ் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் நின்றார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று ராமப்பன் வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டதும், முன்னால் நடந்து வந்தார். கடிதம் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்து ராமப்பனே மைக்கைக் கொடுத்தார்.

முனிராஜ் பெயர், சேர்ந்த வருஷம், வெளியே வந்த வருஷம் எல்லாம் முறையாகச் சொன்னார். பிறகு ஸ்டோர், கம்பளி, ஹவில்தார். குரல் ஏறவில்லை. ஆஜர் ரிப்போர்ட் கொடுக்கிற குரல்தான். ஐந்தாறு பேர் எழுந்து வெளியே போனார்கள். ஒருவர், "பொம்பளைங்க பரிமாறிக்கினு இருக்காங்க, இத இங்க பேசற விஷயமா?" என்று சத்தம் போட்டார். பரிமாற வந்த பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பட்டாளம் கெட்டதுன்னு சொல்ல வரல" என்றார் முனிராஜ். "எனக்குச் சோறு போட்டது, கால்ல பூட்ஸ் போட்டது. ஆனா அங்க இது நடக்குது. ஆம்பளைக்கும் நடக்குது. நடந்தவன் வெளிய வந்து குடிக்கறான், பொண்டாட்டிய அடிக்கறான், இல்ல என்ன மாதிரி சுவத்துல சாஞ்சிக்கினு கெடக்கறான். இதுக்கு வைத்தியம் இருக்குது, நான் போயிக்கினு இருக்கேன். நம்ம ஆளுங்களுக்கு இது தெரியணும். ஊர்ல இருந்து சேரப் போற பசங்களுக்குத் தெரியணும், நடந்தா சொல்லலாம்னு. என் நம்பர எழுதி போர்டுல ஒட்டணும். அவ்ளோதான் கேக்கறேன். அந்த லெட்டர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ராமப்பன் இன்னொரு மைக்கை எடுத்தார். "நல்லா இருக்கு முனிராஜ். இத்தன பேரு இருக்காங்க. நூறு வருஷ சர்வீஸ் இருக்கும் இந்த மண்டபத்துல. இல்ல, ஆயிரம் வருஷம் இருக்கும். ஒருத்தன் கூட இந்த மாதிரி சொன்னதில்லயே."

"யார்கிட்ட சாப் சொல்லுவாங்க?"

"ஏன், எங்கிட்ட சொல்லலாமே. எத்தன பசங்கள நான் பெத்த புள்ள மாதிரி பாத்துக்கினேன்."

"அப்ப நான் பட்டாளத்துல உங்க கம்பெனியில இருந்து, உங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க சாப்?"

கேட்ட தொனியில் மடக்குவதற்கான எண்ணம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ராமப்பன் உடனே பதில் சொல்ல வாயைத் திறந்தார். கோர்ட் மார்ஷல், அது இது என்று ஏதோ சொல்லத்தான் வந்திருக்க வேண்டும். வாய் திறந்தபடி இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அவருக்கு மயக்கம் வருகிறதோ என்று பார்த்தார்கள்.

"ஒருத்தன் வந்தான்" என்றார் ராமப்பன்.

மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

"சொன்னான். அழுதுக்கினே சொன்னான். சீனியர் மேல பொய் சொல்றியான்னு அடிச்சேன். பத்து நாள் கக்கூஸ் கழுவற டூட்டி போட்டேன். எல்லார் முன்னாலயும் காரணத்தைச் சொல்லித்தான் போட்டேன். அப்புறம் லீவுல போனவன் திரும்பி வரல."

"அவர் பேரு என்னா சாப்?" என்று கேட்டார் முனிராஜ்.

ராமப்பன் யோசித்தார். இருபத்தெட்டு வருஷத்தில் தனக்குக் கீழே இருந்த ஒவ்வொருவனுடைய நம்பரையும் ஊரையும் தலைகீழாகச் சொல்கிறவர் என்று அவருக்குப் பெயர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார், மண்டபத்தில் மிஞ்சியிருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

"வரல" என்றார். "பேரு ஞாபகம் வரல முனிராஜ்."